புவோனோ அக்காவின் இத்தாலியன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். வேலை வீட்டு எசமானி சின்னோராவின் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் எங்கள் சிநேகிதி ராணி. "புவோனோ அக்கா மோசம் போயிட்டா" என்றாள். இங்கே பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதியில் தன் வீட்டுப் படியில், மரக்கறிப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். நெஞ்சுவலி. நாற்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு சாவு. அழுதுகொண்டே இதைச் சொன்ன ராணி, அழுகைக்கு நடுவில் சிரித்தும் விட்டாள். அந்தப் பாம்புக் கதையைச் சொல்லி எவ்வளவு சிரித்திருப்போம், பாவம் மனுசி என்றாள். நான் அயன் பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடி நின்றுவிட்டேன். சட்டை கருகிப் புகை வந்தது. சின்னோரா கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மனோன்மணி அக்காவின் முப்பத்தொன்றாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீயும் இரண்டு பக்கம் எழுது என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது. இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். நீங்கள் இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவர். பொலிஸ் தலைமையகம் கெஸ்தூராவின் வாசலில் விடியற்காலையிலிருந்து உங்களோடு வரிசையில் நின்றவர். ஆனால் பிறந்தநாள் வீடு, சாமத்தியவீடு என்று நாலு பேர் கூடினால் நீங்கள் சொல்வது ஒரே ஒரு கதைதான். ஒரு வீட்டுக்கு நாகபாம்பு வந்ததாம். என்ன பாம்பு என்று வாசற்காவல்காரன் கேட்டானாம். நல்ல பாம்பு என்பதை அக்கா அப்படியே இத்தாலியனில் போட்டு "செர்பெந்தே புவோனோ" என்றாராம். நல்லதுதானே என்று அவன் கையை விட்டானாம். மனோன்மணி அக்கா புவோனோ அக்கா ஆனது அப்படித்தான். அவர் சடலத்தின் பக்கத்தில் நின்றுகூட இருவர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறையவேண்டும் போலிருந்தது.

நடந்தது அப்படியல்ல. தான் உயிரோடிருக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஏழு வருடம் பொறுத்திருந்தேன். இனி முடியாது.

முதலில் அவருடைய இத்தாலியனைப் பற்றிச் சொல்கிறேன். பலெர்மோவுக்கு வந்த புதிதில் அக்கா கண்பார்வை மங்கிய ஒரு கிழட்டுச் சின்னோராவைப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டவேண்டும். ஒரு சொல் பிழைத்தால் கைத்தடியால் முழங்காலில் ஒரு அடி. இத்தாலியனில் இரட்டை எழுத்தை அழுத்திச் சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒற்றையாகச் சொன்னால் இரண்டு அடி. அந்த நாட்களில் பத்திரிகையின் முதல் பக்கத்தில் யாராவது ஒருவர் சுடப்பட்டுத் தெருவில் கிடப்பார். அதனால் அக்காவுக்கு வணக்கம், நன்றி வருவதற்கு முன்பே துப்பாக்கி, இரத்தம், சாட்சி, வாக்குமூலம் எல்லாம் பாடமாகிவிட்டன. "அந்தக் கிழவி என்ரை முழங்காலிலை இலக்கணம் எழுதினவள்" என்பார். அக்கா நாலு வருடம் அடி வாங்கியபின் கிழவி செத்தாள். அக்காவின் இத்தாலியனைக் கேட்டு வங்கியில் இருப்பவர்களே நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த ஒன்றில்தான் அவருக்குத் தலைக்கனம். சேலை நகை பற்றி என்ன சொன்னாலும் பொறுப்பார், அவருடைய இத்தாலியனில் யாரும் கை வைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போனது கபோச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மாளிகைக்கு. நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். எல்லோரும் அவரைப் புரொபெசோரே என்றே கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் நான் ஒரு சின்னோராவிடம் வேலை செய்தேன். எனக்கும் அக்காவுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். ஆனால் அவருக்குப் பெர்மெஸ்ஸோ இருந்தது, எனக்கு இல்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை.

கீழே வாசலில் காவல்காரன், போர்த்தியேரே சாரோ. எல்லா வீட்டுக் கதவுத் திறப்பும் அவனிடம்தான். அவன் மனைவியின் ஒரு கண் எப்போதும் கன்றிப்போய் இருக்கும். முற்றத்தில் குட்டி போட்ட பூனையை அவன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றதை நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். என்னை முதலில் அடித்தது படியில் ஈரக்காலோடு ஏறியதற்கு. இரண்டாவது தடவை காரணம் சொன்னான். மூன்றாவது தடவையிலிருந்து காரணம் சொல்லவில்லை. லிப்டின் இரும்புக் கதவோடு கழுத்தைப் பிடித்து அழுத்தி, காதுக்குள் "கெஸ்தூரா" என்று மட்டும் சொல்வான். நான் அசையமாட்டேன். அதற்கு மேல் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நடந்தது.

ஒருநாள் அக்காவின் குசினிக்குள் போய், அழாமல், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கோழி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எந்தக் கையாலை?" என்று கேட்டார்.

வலது கை என்றேன். அக்கா ஓம் என்று தலையாட்டிவிட்டு மிச்சக் கோழியையும் வெட்டினார். இவ்வளவு சொல்லியும் இந்த மனுசி கறியைத்தான் பார்க்கிறதே என்று எனக்கு அன்று சரியான கோபம்.

புரொபெசோரேக்குப் பாம்பு ஆசை வந்தது அந்தக் காலத்தில்தான். மனைவி போனபின் மனுசன் ஒரு வருடமாகப் பாம்புப் புத்தகமே வாசித்துக்கொண்டிருந்தார். நஞ்சில்லாத பாம்பு வேண்டாம், நஞ்சுள்ளதுதான் வேண்டும், அதிலும் நாகம் வேண்டும் என்றார். வாழ்நாளில் ஒரு ஓணான்கூட வளர்த்ததில்லை. வீட்டில் வைத்திருப்பதை அப்போது ஒரு சட்டமும் தடுக்கவில்லையாம். வேலையை விட்டுப் போய்விடுவாயா என்று அக்காவிடம் பயந்து பயந்து கேட்டார். அக்கா போகவில்லை. ஆனால் அடுக்கடுக்காக நிபந்தனை போட்டார்.

உடுப்புத் தோய்க்கிற அறைதான் பாம்பு அறையானது. தண்ணீர் போகிற ஓட்டைக்கு இரும்பு வலை அடிக்க வைத்தார். கதவின் அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதற்கு ரப்பர் பட்டி. உள்ளே அலுமாரி, பெட்டி, துடைப்பம் ஒன்றும் இருக்கக் கூடாது, அதுகள் ஒளிக்க இடம் தேடும் என்றார். கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. மூடியைப் பூட்டினால் "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது புரொபெசோரேயின் சட்டம். கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்லவேண்டும்.

பிறகு கொக்கித்தடி. நீளமான இரும்புக் கம்பி, நுனியில் வளைவு. பாம்பைக் கையால் தொடாமல் அதில் ஏந்தித் தூக்கி, மூடியுள்ள வாளிக்குள் இறக்கவேண்டும். பாம்பு வருமுன் இருவரும் குளிக்கிற தொட்டிக்குள் புரொபெசோரேயின் இடுப்புப் பட்டியைப் போட்டுப் பழகினார்கள். பட்டி சுலபம் என்றதும், தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டிப் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் கட்டினார்கள். அது வழுக்கி வழுக்கி விழும். புரொபெசோரே அதைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு துள்ளியதைப் பார்த்து நான் கனநாளைக்குப் பிறகு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் அவர் அந்தக் குழாயை முதல் தடவையிலேயே ஏந்தி வாளிக்குள் விட்டுவிடுவார். கடிபட்டால் கையை எப்படிச் சுற்றிக் கட்டவேண்டும் என்று என் கையிலும் கட்டிப் பழகினார்.

எல்லாம் தயார், பாம்பை வரவழைக்கலாம் என்றபோது அக்கா மறித்தார். விஷமுறிவு மருந்து எங்கே என்று கேட்டார். நாகத்துக்கான மருந்து பலெர்மோவில் ஒரு ஆஸ்பத்திரியிலும் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றார் புரொபெசோரே. மருந்து குளிர்பெட்டிக்குள் இருப்பதைக் கண்ணால் கண்டபிறகுதான் "அவர்" வரலாம் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். வெறும் பாம்பு என்று அவர் வாயால் சொல்லமாட்டார், நல்ல பாம்பு என்றாவது சொல்லவேண்டும். நாகதெய்வமான நாகதம்பிரானுக்கு நேர்ந்த குடும்பம். குப்பிகள் வர இரண்டு மாதம் எடுத்தது. ஒவ்வொரு கிழமையும் அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் அந்த இரண்டு மாதமும் அடி வாங்கிக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்குப் பயமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் ஊரில் நடந்ததைச் சொன்னார். சண்டைக் காலத்தில் ஒருநாள் ஆமி ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அக்கா, புருசன், பக்கத்து வீட்டுச் சனம் எல்லோரும் வளவுக்குள் வெட்டிய பங்கர் குழிக்குள் குதித்திருக்கிறார்கள். மூலையில் ஒரு நாகம் சுருண்டு கிடந்திருக்கிறது. ஒருவரும் மூச்சு விடவில்லை. அதுவும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தது. புருசனால்தான் பொறுக்க முடியவில்லை. வெளியே பாய்ந்து ஓடினார். கிணற்றடியில் வைத்து ஹெலி அவரை இரண்டாகக் கிழித்தது. வயிற்றில் இருந்ததையெல்லாம் வாளியில் அள்ளிப் போட்டது தான்தான் என்றார் அக்கா.

"உள்ளுக்கை கிடந்தது நல்ல பாம்பு, பிள்ளை. மேலை பறந்ததுதான் கெட்டது."

பெட்டி வருவதற்கு மூன்று நாள் முன்பு, கண்ணாடியில் ஒட்டுவதற்கு அறிவிப்பு எழுதவேண்டியிருந்தது. புரொபெசோரேக்குக் கை நடுங்கும். அக்காதான் குசினி மேசையில் சிவப்புத் தாளை விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கறுப்பு மையால் பெரிய எழுத்தில் எழுதினார். பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஒரு சொல் வாசிக்கத் தெரியாது.

பெட்டி ஒருநாள் முந்தி வந்துவிட்டது. புரொபெசோரே வெளியே போயிருந்தார். நான் அக்காவின் குசினியில், கிழிந்த உதட்டில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தேன். அன்று காலை படியில் வைத்து அவன் தந்தது. அந்தச் சாரோவே மரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். பெட்டியின் மேல் ஜெர்மன் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. மற்றவர்களின் பொதியைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அவனுக்குப் பத்தியப்படாது. மேசையில் வைத்த கையோடு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு வெள்ளைத் துணிப் பை. வாயில் முடிச்சு. பை மெல்ல அசைந்தது.

பாம்பு என்று அவனுக்கு விளங்கிவிட்டது. முதலில் கையை எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் பயந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இடது கையால் என் தலைமயிரைப் பிடித்து மேசையடிக்கு இழுத்தான். வலது கையில் பை. இதை இவளுக்கு மாலையாகப் போடப்போகிறேன் என்றான். அவன் முட்டாள் இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்து, இது கெட்ட பாம்பா என்று கேட்டான்.

அக்கா மேசையில் கிடந்த ஏதோ ஒன்றை மேசை லாச்சிக்குள் தள்ளி இடுப்பால் சாத்தினார். கையைத் துடைத்தார்.

"புவோனோ" என்றார். "செர்பெந்தே புவோனோ."

சிரித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக் கையை உள்ளே விட்டான்.

அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கையை வெளியே இழுத்தபோது நாகம் விரலைக் கவ்வியபடி கூடவே வந்தது. உதறினான். விடவில்லை. கையை மேசை விளிம்பில் அடித்தான். அது கழன்று நிலத்தில் விழுந்து, எனக்கு மூன்று முழம் தூரத்தில் படம் எடுத்து நின்றது. நான் அசையவில்லை. அசையாமல் இருக்க அவனே என்னைப் பழக்கியிருந்தான். அக்கா கொக்கித்தடியோடு வந்தார். வாய் நாகதம்பிரானே, நாகதம்பிரானே என்று முணுமுணுத்தது. கை குழாய்த்துண்டை ஏந்தியது போலவே ஏந்தியது. வாளிக்குள் இறக்கி, மூடியைத் திருகி, "பூட்டியாச்சு" என்று உரத்துச் சொன்னார்.

சாரோ கதவு, சுவர் எல்லாவற்றிலும் மோதிக்கொண்டு சுழன்றான். ஓடினால் நஞ்சு கெதியாய் ஏறும். அக்கா அவன் சட்டையைப் பிடித்துக் கதிரையில் தள்ளி, அசையாதே என்று ஓங்கி ஒரு அறை விட்டார். அவன் இருந்துவிட்டான். அதன்பிறகு இன்னொரு அறை விட்டார். இரண்டாவது எதற்கென்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விரல் நுனியிலிருந்து தோள்வரை பட்டி சுற்றினார். அம்புலன்சுக்குப் போன் அடித்தார். அவர்கள் வந்ததும் குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்துக் கையில் கொடுத்தார். அவனைத் தூக்கிக்கொண்டு போனபின்தான் என்னிடம் வந்தார்.

"லாச்சிக்குள்ளை ஒரு சிவப்புத் தாள் கிடக்கு. எடுத்து உன்ரை சட்டைக்குள்ளை வை. என்னைக் கேக்காதை."

வைத்தேன்.

மத்தியானம் கரபினியேரிப் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். சாரோவின் தம்பிமார், இது கொலை முயற்சி, கறுத்த பெண்கள் பாம்பை ஏவிவிட்டார்கள் என்று கீழே நின்று கத்தினார்கள். அவர்களின் அதிகாரி, மரெஷ்யாலோ, ஒரு தடித்த மனுசன். ஏன் நல்ல பாம்பு என்று சொன்னாய் என்று அக்காவிடம் கேட்டார். நான் முதுகைக் காட்டியபடி கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நீ யார், உன் கடதாசி எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் என் கதை முடிந்தது. அடுத்த விமானத்தில் ஊர்தான். ஊரில் ஹெலி பறந்துகொண்டிருந்தது.

அப்போது அக்கா வாயைத் திறந்தார். அப்படி ஒரு இத்தாலியனை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. எனக்குக்கூட அது பிழை என்று தெரிந்தது. நான் கதைக்கிறது கொஞ்சம், என்ரை நாடு இந்தப் பாம்பு பேர் நல்லது, நான் பேர் சொல்லு, அவன் கை போடு. இப்படித்தான் போனது. கையைப் படம்போல் விரித்துத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மரெஷ்யாலோவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கூட வந்த இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பி வந்திருந்த புரொபெசோரே அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா எப்படிக் கதைப்பார் என்று அவருக்குத் தெரியாதா என்ன. மனுசன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, பாவம், இவளுக்கு மொழி வராது என்றார். செர்பெந்தே புவோனோ, செர்பெந்தே புவோனோ என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தபடி அவர்கள் படியிறங்கிப் போனார்கள். யாரும் என்னிடம் ஒரு கடதாசியும் கேட்கவில்லை.

சாரோ பிழைத்துக்கொண்டான். வலது கையில் இரண்டு விரல் கறுத்துப் போய் வெட்டி எடுத்தார்கள். வேலையை விட்டு ஊரோடு போனான். போன வருடம் செத்தும் போனான். புரொபெசோரே நாகத்தை ஒரு மிருகக்காட்சிச் சாலைக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் அந்த அறையில் உடுப்புத் தோய்க்க விட்டார். வாளி வீட்டை விட்டுப் போகும்போது அக்கா மூடியில் விபூதி பூசி அனுப்பினார். மரெஷ்யாலோ சொல்லி, கடைக்காரர் சொல்லி, கதை எங்கள் ஆட்களிடம் வந்து சேர்ந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

கடதாசி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அடுத்த முறை பதிவு திறந்தபோது எனக்கும் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினேன். ஒருநாள் என் உடுப்புப் பெட்டியின் அடியில் அந்தச் சிவப்புத் தாள் கிடைத்தது. வாசித்தேன். இரண்டாவது தடவை வாசித்தேன். தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

தெரிந்துதானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு எங்கடை பாஷையிலை வேறை என்ன பேர்? நான் பொய் சொல்லேல்லை."

அவன் செத்திருந்தால் என்று கேட்டேன்.

"அந்த மருந்து வருமட்டும் ரெண்டு மாசம் காத்திருந்தனான், பிள்ளை" என்றார். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். இந்தக் காரியம் சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள். அவன் கை என் கழுத்தில் இருந்தது, உங்கள் கழுத்தில் இல்லை.

சனம் சிரிப்பது உங்களுக்கு நோகவில்லையா என்றும் கேட்டேன். அப்போதுதான் முகம் மாறியது. நோகுது, ஒவ்வொரு தடவையும் கிழவியின் தடி முழங்காலில் விழுகிறது போல நோகுது என்றார். தன்னையும் என்னையும் காட்டிக்கொடுக்காமல் அந்தச் சிரிப்பை நிறுத்த வழி இருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தவர் திரும்பினார்.

"நான் செத்தாப் பிறகு சொல்லு. இத்தாலியன் தெரியாதவள் எண்ட பேரோடை என்னை விடாதை."

சொல்லிவிட்டேன், அக்கா. எரிக்கிற அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கு மன்னிக்கவேண்டும்.

அவருடைய சேலைகளை ராணி எடுத்துக்கொண்டாள். சாமிப்படங்கள் கோவிலுக்குப் போய்விட்டன. என்னிடம் இருப்பது அந்தச் சிவப்புத் தாள் ஒன்றுதான். மடிப்பில் கிழிந்திருக்கிறது, என் வியர்வையில் ஓரம் வெளிறியிருக்கிறது. நாகம், கொடிய நஞ்சுள்ளது, எக்காரணம் கொண்டும் கையால் தொடக்கூடாது என்று கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. போன கிழமை அதை என் இத்தாலிய ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். இரட்டை எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் இரட்டை எழுத்து இருக்கிறது என்றார். பேனாவை மூடிவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்றார்.